கூரைக்கு ஏற்ற பாட்டு

மைசூர் சௌடையா 1927-ஆம் ஆண்டில் தம் பிடிலில் மூன்று தந்திகளைக் கூட்டிக்கொண்டார். நாலு தந்திப் பிடில் ஏழு தந்திப் பிடில் ஆயிற்று. புதுமை காட்டுவதற்காகச் செய்த வேலை அல்ல அது. அன்றைய கச்சேரி மேடைகளில் மைக் கிடையாது. ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் பந்தலில் கடைசி வரிசை வரைக்கும் பாடகரின் குரல் போகும், மிருதங்கம் போகும், பக்கவாத்தியப் பிடில் மட்டும் பாதி வழியில் நின்றுவிடும். வில்லை அழுத்தினால் நாதம் கெடும். அழுத்தாவிட்டால் கேட்காது. அவர் மூன்று தந்திகளுக்குத் துணைத் தந்திகள் சேர்த்து, ஒரே இழுப்பில் இரண்டு தந்திகள் சேர்ந்து ஒலிக்கும்படி செய்தார். பிடில் கடைசி வரிசை வரைக்கும் போயிற்று. ஒரு வாத்தியத்தின் உருவத்தையே மாற்ற வைத்தது எது? ராகமா, தாளமா? இரண்டும் இல்லை. பந்தலின் நீளம்.

சங்கீத சரித்திரம் எழுதுகிறவர்கள் வித்வான்களைப் பற்றி எழுதுகிறார்கள், வாக்கேயக்காரர்களைப் பற்றி எழுதுகிறார்கள், ஆதரித்த ராஜாக்களையும் மிராசுதார்களையும் பற்றி எழுதுகிறார்கள். கூரையைப் பற்றி எழுதுவோர் குறைவு. எனக்கோ கூரையைப் பார்க்காமல் பாட்டைக் கேட்க முடிவதில்லை. எந்த இடத்தில் பாடினார்கள், கல் கூரையா, கீற்றுக் கூரையா, கூரையே இல்லாத வீதியா என்று தெரிந்தால், ஏன் அப்படிப் பாடினார்கள் என்பதில் பாதி விளங்கிவிடும். இது சங்கீதம் முறையாகக் கற்காத ஒரு பழைய குமாஸ்தாவின் அபிப்பிராயம். வித்வான்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பள்ளிப் படிப்பு புதுச்சேரியில், பிரெஞ்சு மொழியில். பிழைப்பு சேலத்தில். இந்தப் பக்கத்தைப் பல வருடமாகப் படிக்கிறவர்களுக்கு இது தெரிந்த கதை. 'அகுஸ்தீக்' என்ற சொல்லை அங்கேதான் முதலில் கேட்டேன். ஒலியின் இயல்பை ஆராயும் சாஸ்திரம் என்று பொருள். அந்தப் பெயரைச் சூட்டியவர் ஜோசப் சோவேர் என்ற பிரெஞ்சுக்காரர், 1700-ஐ ஒட்டிய காலத்தவர். சிறு வயதில் வெகுநாள் பேச்சே வராதவர், காதும் சரியாகக் கேட்காதவர். ஒலிக்கு ஒரு சாஸ்திரம் வேண்டும் என்று அவருக்குத்தான் தோன்றியிருக்கிறது.

நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் வீதி.

திமிரி நாயனம் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. சுமார் ஒன்றரை அடி நீளம்தான் இருக்கும். நாலு, ஐந்து கட்டைச் சுருதியில் கூராகப் பேசும். கட்டை என்றால் ஹார்மோனியக் கணக்கு. முதல் வெள்ளைக் கட்டை ஒன்று, அங்கிருந்து ஏறிக்கொண்டே போகும். இன்றைக்கு ஆண்கள் கச்சேரியில் பாடுவது ஒன்று, ஒன்றரை, இரண்டு. திமிரியின் கூர்மை எவ்வளவு என்று இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். அறைக்குள் வாசித்தால் காதைத் துளைக்கும். ஆனால் அறைக்குள் வாசிப்பதற்காக யார் அதைச் செய்தார்கள்? சுவாமி புறப்பாடு நாலு வீதி சுற்றுகிறது. வீதியில் சுவர் உண்டு, கூரை இல்லை. சத்தம் மேலே போனால் போனதுதான், திரும்பி வராது. எதுவும் தடுத்துத் திருப்பாத வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தத்தின் வலு நாலில் ஒரு பங்காகிவிடும் என்பது பௌதிகக் கணக்கு. கூட்டத்தின் இரைச்சல் வேறு, குழந்தைகளின் ஊதல் வேறு. இத்தனைக்கும் மேலே அடுத்த தெருவில் வாசல் தெளித்துக் கொண்டிருக்கும் அம்மாளுக்குச் சுவாமி வருகிறது என்று தெரிய வேண்டும். மனிதக் காது எந்தச் சுருதி வட்டத்தில் மிகக் கூர்மையாகக் கேட்குமோ, அந்த உயரத்தில்தான் நாயனத்தின் நாதத்தில் பாதி உட்கார்ந்திருக்கிறது. சீவாளியும் ஆச்சா மரமும் அணசும் சேர்ந்து செய்யும் வேலை அது.

சுருதி பிடிப்பதற்கு அங்கே தம்புரா ஆகாது. தம்புராவை வீதியில் மீட்டினால் மீட்டுகிறவருக்கே கேட்காது. அதனால்தான் ஒத்து. நாயனத்தைப் போன்ற குழல்தான், ஆனால் ஒரே ஸ்வரம், மூச்சு விடாமல் ஊத வேண்டும். 'ஒத்து ஊதுவது' என்ற பேச்சு வழக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. நான் வேலை பார்த்த ஆபீஸ்களில் அந்த வித்தையில் தேர்ந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் நிஜமான ஒத்து ஊதுவது லேசான காரியம் இல்லை. கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டே மூக்கால் மூச்சு இழுக்க வேண்டும்.

வீதி இன்னொன்றும் செய்தது. நாயனத்தில் சாகித்யத்தின் சொல் வராது. கூட்டத்தில் சொல் கேட்கவும் கேட்காது. மல்லாரி வாசித்துச் சுவாமியைக் கிளப்பினால், பிறகு ராகம்தான். சுவாமி மெதுவாகத்தான் நகரும், மண்டகப்படிக்கு மண்டகப்படி நிற்கும். இந்த முனையில் எடுத்த ராகம் அந்த முனை போகும் வரைக்கும் நீள வேண்டும். ஒரே ராகத்தை மணிக்கணக்கில் விரித்து வாசிக்கும் பழக்கம் நாயனக்காரர்களிடம் வளர்ந்ததற்கும், பிற்காலத்துப் பாடகர்கள் பலர் ராக ஆலாபனைக்கு நாயனத்தையே குருவாகச் சொன்னதற்கும், ஞானம் ஒரு காரணம் என்றால் அந்த நீள வீதி இன்னொரு காரணம் என்பது என் கட்சி.

வீதியை விட்டுக் கோயிலுக்குள் போனால் கணக்கே மாறிவிடுகிறது. நம் பக்கத்துத் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குப் போகிறவர்கள் கூட்டம் இல்லாத நேரத்தில் கல் மண்டபத்தில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். சத்தம் உடனே சாகாது. கருங்கல் சத்தத்தைக் கொஞ்சமும் குடிக்காது, வந்ததை வந்தபடி திருப்பி அனுப்பும். பள்ளிப் புத்தகத்தில் எதிரொலி என்று படித்திருப்போம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் ஓடும். 17 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் பட்டு வந்தால் பத்தில் ஒரு நொடி பிந்தித் தனியாகக் கேட்கும், அது எதிரொலி. சுவர்கள் கிட்டக் கிட்ட இருந்து, பட்டதும் திரும்பியதும் கணக்கில்லாமல் ஒன்றோடொன்று கலந்தால் அது எதிர்முழக்கம். வெண்கல மணியை அடித்துவிட்டுக் கையை எடுத்த பிறகும் நிற்கிறதே, அந்த மாதிரி.

அந்த இடத்தில் வேகமாகப் பிர்கா விட்டுப் பாடினால் முதல் பிர்கா சாவதற்குள் மூன்றாவது வந்து மோதும். தனி ஆவர்த்தனம் வாசித்தால் கோர்வை குழம்பிக் கூழாகும். ஆனால் ஓர் ஓதுவார் அர்த்த மண்டபத்தில் நின்று, தாளம் இல்லாமல் சுத்தாங்கமாக, ஒரு சொல்லை விட்டு அடுத்த சொல்லை எடுத்துத் தேவாரம் பாடட்டும். அவருக்குத் தம்புராவே வேண்டாம். அவர் விட்ட குரலைக் கல் பிடித்து வைத்துக்கொண்டு அவருக்கே சுருதியாகக் கொடுக்கும். வயதான, வலுவில்லாத குரல்கூட அங்கே நிறைந்து ஒலிக்கும். பண்ணிசையின் நிதானத்துக்குப் பக்தி மட்டும் காரணம் இல்லை, கல்லும் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இந்த எண்ணம் எனக்குத் தேவாரத்தில் தோன்றியதல்ல. சிறுவனாகப் புதுச்சேரியில் ஜென்மராக்கினி மாதா கோயிலில் தோன்றியது. சம்பா கோயில் என்று ஊரில் சொல்வார்கள், 1791-இல் அபிஷேகம் ஆன கட்டடம். நான் இந்துப் பையன். கூடப் படித்தவர்களோடு போய்க் கடைசியில் நிற்பேன். பாதிரியார் ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நிறுத்துவார், அது மேலே போய் வளைவில் சுற்றித் திரும்பி அடங்கிய பிறகுதான் அடுத்த வாக்கியம். லத்தீன் பாட்டும் அப்படித்தான், நீள நீளமாக. அதே ஆட்கள் கிராமத்துக் கீற்றுக் கொட்டகைக் கோயிலில் மாதா பாட்டுப் பாடும்போது கை தட்டி வேகமாகப் பாடினார்கள். பக்தி ஒன்றுதான். கூரை வேறு.

ஐரோப்பாவில் இதை வைத்துப் பெரிய சரித்திரமே இருக்கிறது. பாரிஸ் நோத்ருதாம் கோயிலைக் கட்டத் தொடங்கியது 1163-இல். சுமார் 1200-இல் அங்கே பெரொத்தேன் என்ற இசை ஆசிரியர் நாலு குரல்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிப் பாட வைத்தார். அடியில் ஒரு குரல் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு, நம் ஒத்து மாதிரி, நெடுநேரம் நிற்கும். மற்றவை அதன்மேல் அசையும். அந்தக் கல் கூடத்தில் ஒரு ஸ்வரம் அடங்க ஐந்தாறு நொடி ஆகும். முன் ஸ்வரம் சாவதற்குள் பின் ஸ்வரம் வந்து சேரும் என்றால், இரண்டும் பொருந்தி ஒலிக்கும்படி எழுதுவதுதானே புத்திசாலித்தனம்? 2019 ஏப்ரலில் அந்தக் கோயில் எரிந்தது பலருக்கு நினைவிருக்கும். எரிவதற்கு ஆறு வருடம் முன்பே, 2013-இல், உள்ளே ஒலி எப்படி நடமாடுகிறது என்று அளந்து வைத்திருந்தார்கள். தூணுக்கும் கூரைக்கும் படம் இருப்பது போல அந்தக் கோயிலின் நாதத்துக்கும் கணக்கு இருந்தது. 2024 டிசம்பரில் திறந்தார்கள். நம் கோயில்களில் திருப்பணி என்றால் மண்டபத்துத் தரைக்கு வழவழப்பான ஓடு பதிப்பதும் தகரக் கொட்டகை போடுவதும்தான் முதலில் ஞாபகம் வருகிறது. நாதத்துக்கு யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

கணக்கு என்று சொன்னேன். அந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1895-இல் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அறையில் வாத்தியார் பேசுவது மாணவர்களுக்குப் புரியவில்லை. சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை. ஒரு சொல் அடங்க ஐந்தரை நொடி ஆயிற்று, அதற்குள் வாத்தியார் பத்துப் பன்னிரண்டு சொல் பேசியிருப்பார். வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரைக் கூப்பிட்டுச் சரி செய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து அரங்கத்து நாற்காலி மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து பரப்பி, ஊர் அடங்கிய பிறகு ஆர்கன் குழாயை ஊதி, கடிகாரத்தை வைத்து அளந்து, விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்துவிடுவார். இப்படி வருடக்கணக்கில். முடிவில் கிடைத்தது எளிய சூத்திரம். அறை பெரிதாக இருந்தால் முழக்கம் நீளும், மெத்தையும் துணியும் மனிதர்களும் கூடினால் முழக்கம் குறையும். அதை வைத்து அவர் கணக்குப் போட்டுக் கொடுத்த பாஸ்டன் இசை அரங்கம் 1900 அக்டோபரில் திறந்தது, இன்றும் உலகின் தலைசிறந்த அரங்குகளில் ஒன்று என்கிறார்கள். அங்கே ஆட்கள் நிறைந்திருக்கும்போது முழக்கம் இரண்டு நொடிக்குச் சற்றுக் குறைவு.

மெத்தை, துணி என்றதும் அம்மாபேட்டைக்காரர்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். குழித்தறி ஓடிய வீடுகளில் பஜனை கேட்டவர்கள் நினைத்துப் பாருங்கள். மண் சுவர், ஓட்டுக் கூரை, பாவு ஒரு பக்கம், நூல் கட்டு ஒரு பக்கம், நெய்து சுருட்டிய துணி ஒரு பக்கம். அந்த அறையில் சத்தம் சுற்றுவதற்கு வழியே இல்லை. ஜால்ராவை அடித்தால் அடித்த இடத்திலேயே அடங்கிவிடும். தனிக் குரல் அங்கே எடுபடாது, மெலிந்து கேட்கும். பத்துப் பேர் சேர்ந்து பாடினால்தான் பாட்டு நிறையும். நம் அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டைப் பக்கத்து மார்கழி பஜனைகளில் ஒருவர் அடியெடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடும் முறை நிலைத்ததற்கு நூலும் துணியும் கொஞ்சம் காரணமாக இருக்கலாம். சபைன் ஹார்வர்டில் மெத்தை சுமந்தார், நாம் ஜமக்காளம் விரித்தோம். பவானி ஜமக்காளம் விரித்த தரையும் கீற்றுப் பந்தலும் மேலே கட்டிய விதானத் துணியும் சேர்ந்தால், அது முழக்கமே இல்லாத இடம். சொல் தெளியும், தாளம் தெளியும், பிர்கா முத்து முத்தாக விழும். ஆனால் பாடுகிறவருக்குத் தன் குரல் திரும்பி வராது. முழுச் சுமையும் தொண்டையில்தான்.

ஆகவே பந்தல் காலத்துக் குரல் என்று ஒன்று உண்டாயிற்று. செம்பை வைத்தியநாத பாகவதரின் வெண்கலக் குரல், முசிறி சுப்பிரமணிய ஐயரின் உச்சஸ்தாயி எல்லாம் அந்தக் காலத்து விளைச்சல். நாடகக் கொட்டகை இதைவிடக் கடுமை. கொட்டகை நிறைய ஜனம், பீடிப் புகை, சோடா விற்கிறவன் கூச்சல். ராஜபார்ட் மேடைக்கு வருமுன் திரைக்குள்ளிருந்தே பாடிக்கொண்டு வர வேண்டும், அது தரை டிக்கெட்டுக்குக் கேட்க வேண்டும். செங்கோட்டை கிட்டப்பாவும் நம் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளும் அப்படி மைக் இல்லாமல் பாடியே பேர் வாங்கினார்கள். கிட்டப்பா 1933-இல் இளவயதிலேயே போய்விட்டார். அவருடைய இசைத்தட்டைக் கேட்டு 'ஏன் இப்படி உச்சத்திலேயே பாடுகிறார்' என்று என் பேரன் கேட்டான். அவனுக்குக் கொட்டகையை விளக்க அரை மணி நேரம் ஆயிற்று.

இசைத்தட்டும் ஒரு விதத்தில் ஒரு சின்ன அறைதான். சேலம் கோதாவரி என்று நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய பாடகி, தென்னாட்டில் முதல் முதலாக இசைத்தட்டு கொடுத்தவர்களில் ஒருவர். அந்த நாளில் பதிவுக்கு மின்சாரம் கிடையாது. ஒரு பெரிய புனலுக்குள் முகத்தைக் கொடுத்து, மூன்று நிமிஷத்துக்குள், குரலைத் தாழ்த்தாமல் பாட வேண்டும். கார்வைக்கு இடம் ஏது? அந்தத் தட்டுகளை மட்டும் கேட்டுவிட்டு அந்தக் காலத்துப் பாட்டே அவசரப் பாட்டு என்று சிலர் எழுதுகிறார்கள். புனலைக் கேட்டுவிட்டுப் பாட்டைக் கேட்டதாக நினைக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் ஒரு வீடு இருந்தது. சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் வீடு. 1867-இல் பிறந்து 1938-இல் காலமானவர். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் வாசிப்பார். கேட்க வந்தவர்கள் சிலபேர்தான், அதில் பாதிப் பேர் பெரிய வித்வான்கள். பேச்சு மூச்சு இருக்கக் கூடாது. இருமினால்கூட ஆகாது என்று அந்த மாலைகளைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். இதை அகம்பாவம் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அது அகுஸ்தீக்காகத்தான் படுகிறது. மீட்டுகோல் இல்லாமல் விரலாலேயே, மெல்ல வருடி வாசித்தவர் அவர். ஒரு மீட்டில் பிறந்த நாதம் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போகிற அந்தக் கடைசி இடத்தில்தான் அவர் சங்கீதமே நடந்தது. பட்டுப் புடவை சரசரத்தால் அது போய்விடும். அந்த அறை இல்லாவிட்டால் அந்தச் சங்கீதம் இல்லை. அவர் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் பதம் பாடிய விதத்திலும் அந்த அறையின் அளவு கடைசி வரை இருந்தது. பெரிய அரங்கில் பாடினாலும் பத்துப் பேருக்குப் பாடுவது போலத்தான் பாடினார்கள்.

ஒரே நாடு, ஒரே ராகங்கள், ஒரே காலம். திருவாரூர் வீதியில் திமிரி, ஜார்ஜ் டவுன் அறையில் தனம்மாள் வீணை. இரண்டையும் இடம் மாற்றி வைத்துப் பாருங்கள், இரண்டும் செத்துவிடும்.

பிறகு மைக் வந்தது, 1930-களில் கச்சேரி மேடைகளுக்குப் பரவியது. சென்னை சங்கீத வித்வத் சபை 1928-இல் தொடங்கியபோது அதற்குச் சொந்த அரங்கம் கிடையாது. இப்போதிருக்கும் கட்டடம் 1962-இல்தான் திறந்தது. அதுவரை பந்தலும் இரவல் கூடங்களும்தான். இடைக்காலத்தில் வானொலி வந்தது. திருச்சி நிலையம் 1939-இல். சேலம் ஜில்லாவில் வீட்டுக்கு வீடு காதில் விழுந்தது திருச்சி வானொலிதான். வானொலி நிலையத்துக் கூடத்தில் சுவருக்கெல்லாம் சத்தம் குடிக்கும் பலகை. பாடுகிறவருக்கு எதிரில் ஆள் இல்லை, 'ஆஹா' இல்லை, குரல் திரும்பி வருவதும் இல்லை. கேட்கிற நமக்கோ, பாகவதர் நம் திண்ணையில் உட்கார்ந்து நமக்காகவே பாடுவது போல இருந்தது. காதுக்குக் கிட்டத்தில் வந்துவிட்ட குரல் எதற்குக் கத்த வேண்டும்?

சுருதி இறங்கியது. நாலு கட்டை மூன்றாகி, இரண்டாகி, ஒன்றாகி, அதற்கும் கீழே போயிற்று. பழையவர்கள் இதைச் சொல்லி வருத்தப்படுவார்கள், தொண்டையில் பலம் போயிற்று, சாதகம் போயிற்று என்பார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. எம்.டி. ராமநாதனை நினைத்துக்கொள்கிறேன். அத்தனை கீழ்ச்சுருதி, அத்தனை விளம்பம், சொல்லுக்குச் சொல் அத்தனை இடைவெளி. அவர் 1900-இல் ஒரு பந்தலில் உட்கார்ந்து பாடியிருந்தால் மூன்றாவது வரிசையில் எழுந்து போயிருப்பார்கள். மாலியின் புல்லாங்குழலில் மூச்சுக்காற்றே சங்கீதமாகக் கேட்டது மைக் இருந்ததால்தான். தனம்மாளின் அறையைப் பெரிய மண்டபத்துக்குள் கொண்டுபோய் வைக்கலாம் என்று மைக் காட்டியது. வீணையில் ஒட்டுகிற மைக் வந்த பிறகு எஸ். பாலசந்தரும் சிட்டிபாபுவும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வீணை வாசித்தார்கள். சௌடையாவுக்குத் தேவைப்பட்ட மூன்று தந்தியும் யாருக்கும் தேவைப்படாமல் போயிற்று. ஏழு தந்திப் பிடில் அவரோடு பெரும்பாலும் முடிந்தது.

நாயனத்துக்குத்தான் கதை சிக்கல். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நாயனத்தை வீதியிலிருந்து மேடைக்கு ஏற்றினார். நின்று வாசிப்பதை விட்டு, பாடகரைப் போல உட்கார்ந்து வாசித்தார். ஒத்துக்குப் பதில் தம்புரா வைத்துக்கொண்டார். மரியாதைக்காகச் செய்தார் என்பது எல்லோரும் சொல்வது, உண்மைதான். ஆனால் மேடையில் திமிரி எடுபடாது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அவருக்காகச் செய்து கொடுத்ததுதான் பாரி நாயனம். ஏறத்தாழ இரண்டரை அடி நீளம், இரண்டு கட்டைச் சுற்றில் சுருதி. திமிரியில் சுத்த மத்தியமம் சுத்தமாகப் பேசாது, உதட்டால் சரிக்கட்ட வேண்டும். புது நாயனத்தில் அந்தக் குறையும் தீர்ந்தது. நாதம் அகலமாகி, கீழ்ஸ்தாயி கனத்து, தோடியில் நின்று நிதானித்து நெளிவதற்கு இடம் கிடைத்தது. அறை மாறியதும் வாத்தியம் மாறியதற்கு நம் நாட்டில் இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. இன்று எங்கும் பாரிதான். நரசிங்கம்பேட்டை நாயனத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சா உத்தரங்களையும் தூண்களையும் வாங்கி வந்து கடைகிறார்கள். யார் வீட்டுக் கூரையைத் தாங்கிய மரமோ, நாயனமாகிறது.

ராஜரத்தினம் பிள்ளை ஏற்றியது மேடையில். அதற்குப் பிறகு நாயனம் போய்ச் சேர்ந்த இடம் கல்யாண மண்டபம், அங்கேதான் அதற்கு ஆபத்து. எங்கள் தலைமுறை வரைக்கும் கல்யாணம் வீட்டு வாசல் பந்தலில். மேளம் திண்ணையோரம், கூரை கீற்று, தரை மண். தவில் எத்தனை முழங்கினாலும் பந்தல் வழியாக வெளியே போய்விடும். கிட்டத்தில் இருப்பவர் பேசிக்கொள்ளலாம், நாலு தெரு தள்ளியிருப்பவருக்கும் கல்யாணம் என்று தெரியும். இன்றைக்கு மண்டபம் என்றால் கான்கிரீட் கூரை, கருங்கல் பாளத் தரை, சுவரில் ஓடு, பக்கத்தில் கண்ணாடி. சத்தத்தைக் குடிக்க ஒரு முழத் துணி கிடையாது. ஜமக்காளம் போய் பிளாஸ்டிக் நாற்காலி வந்துவிட்டது. தாரமங்கலத்துக் கல் மண்டபமாவது நாலு பக்கமும் திறந்திருக்கும். இது மூடிய கற்பெட்டி. அதற்குள் தவிலை வைத்து, அதற்கு முன்னால் மைக்கை வைத்து, மூலைக்கொரு ஒலிபெருக்கியை வைத்தால் என்ன ஆகும்? நாயனக்காரர் என்ன ராகம் வாசிக்கிறார் என்று அவருக்கே தெரியாது. வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு, கெட்டிமேளத்துக்கு மட்டும் வாசித்தால் போதும் என்கிறார்கள். அப்புறம் செண்டை மேளத்தைக் கூப்பிடுகிறார்கள். அதுவும் கேரளத்துக் கோயில் வெளியில், வானத்தின் கீழ் கேட்க வேண்டிய வாத்தியம்தான். அதையும் உள்ளே நுழைக்கிறார்கள்.

'நாயனச் சத்தம் தாங்கவில்லை' என்று சொல்லி அடுத்த கல்யாணத்துக்கு மேளத்தையே வேண்டாம் என்கிறவர்கள் நம் பேட்டையிலும் இருக்கிறார்கள். ஒரு மேளக்காரர் குடும்பம் ஒரு முகூர்த்த நாளை இழப்பது என்றால் என்ன என்று அவர்கள் யோசிப்பதில்லை. வாத்தியத்தின் மேல் பழி போகிறது, கூரையின் மேல் யாரும் பழி சொல்வதில்லை.

என்னிடம் யோசனை கேட்டவர்களுக்கு, கேட்காதவர்களுக்கும்தான், நான் சொல்வது இது. மேளத்துக்கு மைக் வேண்டாம். மண்டபத்துக்கு உள்ளே வேண்டாம், வாசலில் சாமியானாவுக்குக் கீழே உட்கார வையுங்கள். முகூர்த்த நேரத்துக்கு மட்டும் உள்ளே வரட்டும். மணவறைக்கு முன்னால் பத்து ஜமக்காளம் விரித்து, சுவரில் நாலு திரை தொங்க விடுங்கள், துணிக்கா நம் ஊரில் பஞ்சம்? இதுவரை இரண்டு வீட்டில் கேட்டார்கள். ஒரு வீட்டில் வாசலில் வைத்தே வாசிக்க வைத்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றியவர்கள் சிலர் உள்ளே போகாமல் நின்று கேட்டார்கள். தவில்காரர் கை ஓய்ந்த இடத்தில் நாயனம் தனியாக ஒரு காம்போதி இழுத்தது, எதிர்த் தெரு டீக்கடை வரைக்கும் போயிற்று. இன்னொரு வீட்டில் முடியவில்லை. மண்டப வாடகையிலேயே மைக்கும் சேர்த்தி, போடாவிட்டாலும் காசு உண்டு என்றார்களாம். கொடுத்த காசு வீணாகக் கூடாது என்று போட்டுவிட்டார்கள்.